ஜெயபாண்டி விலையைக் குறைத்த வருஷம்

மதார் சாகிபின் மிளகாய் வத்தல் கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் பேச்சுக்கு நடுவே தும்மிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மூட்டையைப் பிரித்தால் போதும், நெடி உத்தரம்வரை ஏறிவிடும். கபடி அணிக்குச் சம்பளம் பேசிய அன்று ஜெயபாண்டி சொன்னதைக் கேட்டதும் யாருக்கும் தும்மல்கூட வரவில்லை.

“என் சம்பளத்துல பாதியக் கொறைச்சுக்கிடுங்க பாய். அந்தக் காசப் போட்டு நரிக்குடிக்காரன நம்ம பக்கம் இழுங்க.”

மதார் சாகிபு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஏலே, காச்சலா உனக்கு?”

“இல்ல பாய். டீமு ஜெயிக்கணும்ல.”

பாளையம்பட்டி அணியை நடத்துவது மதார் சாகிபு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன்கள் பணம் அனுப்புவார்கள். அவர் மகன் நியாஸ் தம்மாமில் இருந்துகொண்டு அதைச் சேர்த்துக் கொடுப்பான். அதை வைத்து ஆட்டக்காரர்களை விலை பேசிக் கூட்டிவர வேண்டும். தையில் பேசி முடித்தால் ஆடி வரைக்கும், எந்த ஊர்ப் பொங்கலுக்குப் போட்டி நடந்தாலும் அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும். எதிராளியின் பாதிக்குள் தனியாகப் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புகிற ரைடருக்கு விலை அதிகம். அந்த வட்டாரத்தில் ஜெயபாண்டிக்கு இருந்த விலை வேறு யாருக்கும் கிடையாது. அவனுக்குக் கொடுத்ததுபோகப் பிடிக்கிற ஆட்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் பாளையம்பட்டி நன்றாகத் தொட்டுவிட்டு வரும். பிடிக்கத் தெரியாமல் தோற்கும்.

நரிக்குடிக்காரன் என்றது சங்கரபாண்டியனை. இடது ஓரத்தில், கார்னரில், நின்று ரைடரின் கணுக்காலைப் பிடிக்கிறவன். காரியாபட்டிப் பக்கத்து அணி ஒன்று அவனை ஏறக்குறையப் பேசி முடித்திருந்தது.

மதார் சாகிபு எழுந்து வந்து ஜெயபாண்டியின் தோளில் கையை வைத்தார்.  கடையில் இருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள். ஒருவன் போனை எடுத்து, “அண்ணே, மறுக்கா ஒருவாட்டி சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கிடுதேன்,” என்றான். ஜெயபாண்டி மறுபடி சொன்னான்.

மேசைக்குக் கீழே அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.  சங்கரபாண்டியன் காரியாபட்டிக்குப் போனால் இந்த வருஷம் ஒவ்வொரு ஊரிலும் தனக்கு எதிரே நிற்பான். பாளையம்பட்டிக்கு வந்தால் தன் பக்கத்தில் நிற்பான். அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான். பாதிச் சம்பளம் அதற்குக் குறைந்த விலை என்று அவனுக்குப் பட்டது.

ஜெயபாண்டி திருச்சுழிக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊரில் பிறந்தவன். அப்பா சங்கையாவுக்கு நிலம் நிறைய. மழை பெய்தால் கொத்தமல்லி விதைப்பார். பெய்யாத வருஷம் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார். ஊர்க் கண்மாய் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வறண்டே கிடக்கும். உள்ளே கரம்பை மண் மெத்தென்று இருக்கும், விழுந்தால் வலிக்காது. பையன்கள் அங்கேதான் கபடி ஆடினார்கள். கண்மாய் நிறைந்திருந்தால் அவன் ஆட்டக்காரன் ஆகியிருக்க மாட்டான்.

பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் சிறுவயதிலிருந்தே துள்ளிவிடுவான். யார் பிடித்தாலும் அவனுக்கு மூச்சடைக்கும். அதனால் எவன் கையும் மேலே படாமல் நழுவப் பழகினான். அதைப் பார்த்தவர்கள் திறமை என்றார்கள். கல்லூரிக்கு ஆடினான், மாவட்டத்துக்கு ஆடினான், பெரிய போட்டிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு உயரம் போதாது என்று போனார்கள். பாளையம்பட்டியில் வீடு பிடித்து, மதார் சாகிபு கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டினான். மனைவி முருகலட்சுமி நூல் மில்லுக்குப் போனாள். மகள் தங்கலட்சுமி பாலர் பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் ஆட்டம். அப்படித்தான் வருஷங்கள் போயின.

மல்லாங்கிணறுப் போட்டி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. முந்தின வருஷம் அது. அடுத்த ஆட்டத்துக்காக எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். உள்ளே உள்ளூர் ரைடர் மணிகண்டன் பாடிப் போனான். சங்கரபாண்டியன் கீழே விழுந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். மணிகண்டன் காலை இழுத்தான். அதே நேரம் கார்னருக்கு அடுத்து நிற்கிற கவர் ஆட்டக்காரன் பக்கவாட்டில் வந்து மோதினான். காய்ந்த பருத்திமார்க் குச்சியைக் காலில் வைத்து முறித்ததுபோல ஒரு சத்தம். மணிகண்டன் கத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு தன் முழங்காலைப் பார்த்தான். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த ஆட்டத்தில் ஜெயபாண்டி ஆடினான், ஜெயிக்கவும் செய்தான். பிறகு நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். வெயில் என்று சொன்னார்கள். மணிகண்டன் இப்போது மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடைப்படியில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்குவான். ஜெயபாண்டி அந்தப் பக்கம் லோடு ஏற்றினால் அந்தக் கடை கண்ணில் படாமல் சுற்றுவழியில் போவான். டீசல் கூடச் செலவாகிறதே என்று மதார் சாகிபு கேட்டதற்கு, ரோடு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தான்.

வீடியோ ஊரெல்லாம் போயிற்று. நியாஸ் தம்மாமிலிருந்து குரல் செய்தி அனுப்பினான். “ஜெயபாண்டிண்ணே, ரூம்ல எல்லாரும் கேட்டோம். எங்க மேஸ்திரி மலையாளி, அவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னோம். பணத்துக்கு ஆடாத ஆளு இன்னும் இருக்காகன்னு சொன்னாரு.” பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கீழே ‘அணிக்காகத் தன்னையே தந்த அண்ணன்’ என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் நோன்பு மாசியில் தொடங்கிப் பங்குனி வரை நீண்டது. மதார் சாகிபின் மனைவி அப்ரோஸ் பேகம் தினமும் ஒரு தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். “அந்தப் புள்ளைக்கு முதல்ல ஊத்துங்க,” என்று சொல்வாளாம்.

முருகலட்சுமி ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்து மில் பையை ஆணியில் மாட்டினாள்.

“படம் நல்லா விழுந்திருக்கு. பல்லு ஒண்ணு கூடுதலா வச்சிருக்கான் ஃப்ளெக்ஸ்காரன்.”

“ம்.”

“பாதிச் சம்பளத்த விட்டுட்டு வந்திருக்கீக. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“டீமு ஜெயிக்கணும்னு...”

“மச்சான், நீங்க ஆடுற ஆட்டத்துல எந்த டீமு ஜெயிச்சுச்சுன்னுகூட உங்களுக்கு நெனப்பு இருக்காது. வீட்டுக்கு வந்ததும் கால் ரெண்டும் இருக்கான்னுதான் பாப்பீக.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் குனிந்து காலைப் பார்த்தான்.

சங்கரபாண்டியன் மாசி பாதியில் வந்து சேர்ந்தான். வந்த பிறகுதான் தான் யோசிக்காமல் விட்டது எவ்வளவு என்று ஜெயபாண்டிக்கு உறைத்தது. வெளியூர்க்காரன் சாப்பிடுவது அணியின் மூத்த ஆட்டக்காரன் வீட்டில்தான். எந்த அணியிலும் அதுதான் வழக்கம். எதிரே நிற்கக் கூடாது என்று காசு கொடுத்து வாங்கிய ஆள் இப்போது தினமும் எதிரே உட்கார்ந்து சோறு தின்றான்.

சாதுவான ஆள்தான். நரிக்குடிப் பக்கம் ஆடு வைத்திருந்தான். “மைனீ, உங்க கைக்குழம்பத் தின்னா வீட்டுக்குப் போக மனசே வராது,” என்பான். சாப்பிட்டு முடித்தால் தட்டைத் தானே கழுவுவான். தங்கலட்சுமியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் நடப்பான். மகளின் இரண்டு கணுக்காலும் அவன் கைக்குள் அடங்கியிருப்பதை ஜெயபாண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். “அவள இறக்கி விடுப்பா,” என்பான். “இருக்கட்டும்ணே,” என்பான் அவன்.

பயிற்சி அதைவிட மோசம். நல்ல ரைடரும் நல்ல கார்னரும் ஒரே அணியில் இருந்தால் இருவரையும் மோதவிட்டுத்தான் பழக்குவார்கள். மதார் சாகிபு மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “ம், ரெண்டு யானையும் மோதுங்கப்பா,” என்றார். ஜெயபாண்டி பாடிக்கொண்டு போனான். வலது பக்கமாகவே போனான். வலது பக்கத்திலேயே யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினான். மறுநாள் லோடு இருக்கிறது என்றான். அதற்கடுத்த நாள் வயிறு சரியில்லை என்றான். சங்கரபாண்டியன் இடது ஓரத்தில் கைகளை விரித்துக் குனிந்தபடி காத்திருந்துவிட்டு நிமிர்வான்.

“அண்ணே, என் பக்கம் வரவே மாட்டேங்கிறீகளே. நான் என்ன கடிக்கவா போறேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாண்டியும் சிரித்தான். 

முதல் போட்டி பங்குனி தொடக்கத்தில். ஊர் சின்னது, அணிகள் நிறைய. ஜெயபாண்டி நிம்மதியாகத்தான் இறங்கினான். எதிரே நிற்கிற ஏழு பேரில் அந்த ஒருவன் இல்லை. பாடிக்கொண்டு உள்ளே போனதும் என்னவோ மாறியிருப்பது தெரிந்தது. வழக்கமாக அவனைக் கண்டால் பின்வாங்குகிறவர்கள் அன்று பின்வாங்கவில்லை. குனிந்தார்கள். வலது கார்னர் குனிந்தான், இடது கார்னர் குனிந்தான், கவர்கள் இருவரும் குனிந்தார்கள். யாரும் அவன் முகத்தையோ கையையோ பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் முழங்காலுக்குக் கீழே இருந்தது. ஒருவன் பாய்ந்தான். ஜெயபாண்டி துள்ளித் திரும்பி ஓடிவந்தான். அடுத்த தடவையும் காலுக்கே பாய்ந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் வேறு அணி, அவர்களும் அப்படியே. அவன் ஆழமாகப் போவதை நிறுத்திக்கொண்டான். ஓரமாகப் போய் ஒரு பாயிண்ட் கிடைத்தால் எடுத்துக்கொண்டு திரும்பினான். பாளையம்பட்டி ஜெயித்தது. சங்கரபாண்டியன் வந்தவனையெல்லாம் பிடித்துப் போட்டான். தியாகத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

திரும்பும்போது வேனில் சங்கரபாண்டியன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீகளே?”

“கேளு.”

“எந்த முட்டிண்ணே?”

“என்ன எந்த முட்டி?”

“போனது. வலதா, எடதா? நானும் வந்ததுல இருந்து பாக்கேன், கண்டுபிடிக்க முடியல. நல்லா மறைக்கிறீக.”

“எனக்கு முட்டில ஒண்ணுமில்லையே.”

சங்கரபாண்டியன் புன்னகை செய்தான். “நம்மகிட்ட எதுக்குண்ணே? வெலையப் பாதியாக் கொறைச்சிருக்கீக. ஒடம்பு நல்லா இருக்கவன் எவன் கொறைப்பான்? டீமுக்காகன்னு வெளிய சொல்லுதாக, அது சரி, கௌரவமாத்தான் இருக்கு. காரியாபட்டிக்காரங்க எனக்குப் போன் போட்டுச் சிரிச்சாங்க. ஜெயபாண்டிக்கு முட்டி காலி, இந்த வருஷம் எல்லாரும் காலுக்குத்தான் போறோம்னு.”

ஜெயபாண்டி வெளியே பார்த்தான். வெயில் தாழ்ந்து கருவேலங்காடு முழுக்க ஒரே நிறமாகக் கிடந்தது. இந்த ஆட்டத்தில் யாரும் டாக்டர் சீட்டைக் காட்டிவிட்டு ஆடுவதில்லை. ஒருவனுடைய உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மற்றவர்கள் அவன் விலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். விலை ஏறினவனை எட்டி நின்று பார்ப்பார்கள். விலை இறங்கினவனுக்கு எங்கே வலிக்கிறது என்று தேடுவார்கள். ஜெயபாண்டியே மற்றவர்களை அப்படித்தான் எடை போட்டிருக்கிறான். தெரிந்த விஷயம். பயம் கண்ணை மறைத்தபோது இதையும் சேர்த்து மறைத்துவிட்டது. ஒருவனிடமிருந்து காலைக் காப்பாற்றப் போய், சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் காலைக் காட்டிவிட்டான்.

“மணிகண்டன் இருக்கான்ல, மல்லாங்கிணத்துல,” என்றான் சங்கரபாண்டியன். “அவனும் அந்த வருஷம் கொறைச்சிருந்தான். முட்டிதான்னு எல்லாரும் சொன்னாக. அதான் நான் காலுக்குப் போனேன்.” கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பணம் கூடுதலாக் கையில வேணும்னு மொத்த வெலையக் கொறைச்சிருக்கான். முட்டி நல்லாத்தான் இருந்திருக்கு. பொறகு அவுக அம்மா சொன்னாக.”

மறுநாள் காலையிலேயே ஜெயபாண்டி வத்தல் கடைக்குப் போனான்.

“பாய், என் சம்பளத்த மறுபடி ஏத்திட்டோம்னு சொல்லுங்க.”

“காசு எங்கடா இருக்கு?”

“காசு வேண்டாம். ஏத்திட்டோம்னு நாலு பேருகிட்டச் சொன்னாப் போதும்.”

மதார் சாகிபு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நோன்பு வச்சுக்கிட்டு இருக்கவன்கிட்ட வந்து பொய் சொல்லச் சொல்றியே, இது நல்லா இருக்கா? கொறைச்சா கொறைச்சேன்னு சொல்லணும். அதுல என்ன வெக்கம் உனக்கு? உன் பேரச் சொல்லித்தான் பயலுக இந்தத் தடவ கூட அனுப்பியிருக்கானுக. நியாஸ் போன்ல அழுதுட்டான். அஃப்ரீத்துன்னு ஒரு பய, வேலை போய் ரூம்ல கெடக்கான், அவனும் எவன்கிட்டயோ வாங்கி அனுப்பியிருக்கான். இப்பப் போய் ஏத்திட்டேன்னு சொன்னா அவனுக என்னைய என்ன நெனைப்பானுக?”

 ஜெயபாண்டி ஒரு மூட்டையைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். ஏற்றும்போது முழங்காலை வளைப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சித்திரை முழுக்க அப்படிப் போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் குனிந்த தலைகள். கணுக்கால் இரண்டிலும் தோல் உரிந்து காய்ந்து மறுபடி உரிந்தது. பாளையம்பட்டி ஜெயித்துக்கொண்டே போனது; அதுதான் அவனுக்குக் கொடுமை. தோற்றால் வீட்டுக்குப் போய்விடலாம். ஜெயித்தால் அடுத்த சுற்று, அடுத்த ஊர். வீட்டில் காலை நீட்டி உட்காருவதை விட்டுவிட்டான். சம்மணம் போட்டு, பாதங்களைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தான்.

“எதுக்கு மச்சான் காலை ஒளிச்சு ஒளிச்சு வக்கிறீக?” என்றாள் முருகலட்சுமி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவன் சொல்லிவிட்டான். மல்லாங்கிணறுச் சத்தத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கீரை ஆய்வதை நிறுத்தவுமில்லை.

“அப்ப அந்தாளு மேல உள்ள பயத்துலதான் பாதிச் சம்பளத்த விட்டீக.”

“ஆமா.”

“அந்தாளுக்குத்தான் நான் மீன் பொரிச்சுப் போடுதேன்.”

“ஆமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு சிரிப்பு தானாகவே போய்விட்டது. “ஆட வேண்டாம்னு சொல்லிருங்க.”

“ஆடி வரைக்கும் வாக்குக் கொடுத்தாச்சு. நடுவுல விட்டா ஊர்ல தலைகாட்ட முடியாது. கடை வேலையும் போகும்.”

அவள் கீரைக் காம்புகளைக் கூட்டி முறத்தில் அள்ளினாள். “அப்ப அந்தாளுகிட்டயே கேளுங்க. புடிக்கிறவனுக்குத்தான தெரியும், எதுல முறியுது எதுல முறியலன்னு.”

“எப்படிக் கேக்க?”

“வாயாலதான்.”

திருச்சுழிப் பக்கம் வைகாசிப் பொங்கல் போட்டி வந்தது. வருஷத்தில் பெரிய போட்டி அது. பாளையம்பட்டி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே காரியாபட்டிப் பக்கத்து அணி. ராத்திரி ஆட்டத்துக்குப் போலீஸ் அனுமதி கிடைக்காததால் சாயங்காலம் வைத்திருந்தார்கள். காலையில் ஜெயபாண்டி சங்கரபாண்டியனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் பின்னால், ஆள் இல்லாத தரிசுக்குப் போனான்.

“என் காலைப் புடி,” என்றான்.

“என்னண்ணே?”

“எனக்கு உன்னைக் கண்டா பயம். மல்லாங்கிணத்துல இருந்து பயம். நீ எதிர்ல நிக்கக் கூடாதுன்னுதான் வெலையக் கொறைச்சு உன்னை இங்க இழுத்தேன். இப்ப எல்லாருமே காலுக்கு வாராங்க. எப்படித் தப்பிக்கிறதுன்னு சொல்லு.”

சங்கரபாண்டியன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்தான்.

“என்னைக் கண்டு பயமா?” என்றான். “உங்களுக்கா?”

பிறகு மண்ணில் முட்டியிட்டு ஜெயபாண்டியின் கணுக்காலைப் பிடித்தான்.  ஜெயபாண்டி காலை உதறி இழுத்தான்.

“பாத்தீகளா, இழுக்கிறீக. அதான் தப்பு. புடிபட்டதும் எல்லாரும் கோட்டப் பாத்து இழுப்பாக. கீழ நான், பக்கத்துல கவர், நடுவுல முட்டி. முறியறது அந்த இழுப்புலதான்ணே. இழுக்காதீக. என் பக்கமே சரிஞ்சு படுத்துருங்க. கால் மடங்கிக்கிடும். பாயிண்ட் போகும், கால் போகாது.”

“படுத்துட்டா ஜனம் என்ன சொல்லும்?”

“சொல்லும்.”

வெயில் ஏறும்வரை படுத்துப் பழகினான். இழுக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இழுத்து வந்த உடம்பு அது. கடைசியாக எழுந்து மண்ணைத் தட்டியபோது சங்கரபாண்டியன், “இத வெளிய சொல்லிராதீகண்ணே. தொழிலு,” என்றான்.

இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியும் விட்டுக்கொடுக்கவில்லை. வேம்பு மேலெல்லாம் ஆள் ஏறியிருந்தது. மதார் சாகிபு கோட்டோரம் நின்று போனை உயரப் பிடித்திருந்தார். அதில் நியாஸும் மற்றவர்களும் தம்மாமில் ஓர் அறையில் நெருக்கியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிய இரண்டே ரைடு பாக்கி. பாளையம்பட்டி இரண்டு பாயிண்ட் முன்னால். முதல் ரைடு ஜெயபாண்டியுடையது.

“உள்ள போ, தொட்டுட்டு வா, முடிஞ்சிரும்,” என்றார் மதார் சாகிபு.

அவன் பாடிக்கொண்டு போனான். குனிந்த தலைகள். வலது பக்கம் போக்குக் காட்டித் திரும்பியபோது இடது கணுக்காலில் கை விழுந்தது. இறுகியது. பக்கத்தில் கவர் ஓடிவரும் காலடி கேட்டது. நடுக்கோடு கண்ணுக்கு நேரே, கையை நீட்டினால் விரலில் படுகிற தூரத்தில் இருந்தது. இழுத்தால் எட்டிவிடும். எட்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. உடம்பு இழுக்கத் தொடங்கியது.

அவன் சரிந்து, பிடித்தவன் பக்கமே படுத்துவிட்டான். கவர் அவனைத் தாண்டி வெறும் மண்ணில் விழுந்தான்.

 “படுத்துட்டான்டா,” என்று கூட்டத்தில் ஒரு குரல். “பாதிச் சம்பளத்துக்குப் பாதி ஆட்டம்,” என்று இன்னொன்று. மதார் சாகிபு போனைத் தாழ்த்தி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஜெயபாண்டி எழுந்து வெளியே வந்து உட்கார்ந்தான். கால் நன்றாக இருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஒரு பாயிண்ட்தான் முன்னால். கடைசி ரைடு எதிராளியுடையது. காரியாபட்டி ரைடர் உயரமானவன், நல்ல வேகம். ஒருவனைத் தொட்டுவிட்டால் சமன், இருவரைத் தொட்டுவிட்டால் அவர்களுக்குக் கோப்பை. அவன் உள்ளே வந்து, கவரைத் தொடக் கையை வீசியபோது சங்கரபாண்டியன் பாய்ந்தான். கணுக்கால் கிடைத்துவிட்டது. ரைடர் முகம் நடுக்கோட்டுப் பக்கம் திரும்பியது. பாளையம்பட்டிக் கவர் தோளைத் தாழ்த்திக்கொண்டு ஓடினான். ரைடர் இழுக்கத் தொடங்கினான்.

ஜெயபாண்டி எழுந்து நின்றுவிட்டான்.

“படு,” என்று கத்தினான். “இழுக்காத. படுத்துருலே, அவன் பக்கமே படு.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ. ரைடர் படுத்துவிட்டான். கவர் அவன் மேல் இடறி உருண்டான். விசில் ஊதினார்கள். பாளையம்பட்டி ஜெயித்திருந்தது.

சுற்றிலும் துள்ளினார்கள், தூக்கினார்கள். ஜெயபாண்டி நகராமல் அந்த ரைடரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டினான், மடக்கினான். எழுந்தான். ஓர் அடி வைத்தான். தோற்ற கோபத்தில் தரையை உதைத்தான். உதைத்தது அந்தக் காலால்தான். ஜெயபாண்டி அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டான்.

மதார் சாகிபு ஓடிவந்து அவன் கன்னத்தைக் கிள்ளினார். “எதிராளியவே படுக்கச் சொல்லி ஜெயிச்சவன் உன்னைத் தவிர எவன்டா? நானும் நீ படுத்ததும் என்னமோ நெனைச்சுட்டேன். போன்ல பயலுக சிரிச்சு உருளுறானுக.” போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். தம்மாமில் ஏதோ ஓர் அறையில் பத்துப் பேர் கை தட்டினார்கள். ஜெயபாண்டி கும்பிட்டான்.

வேன் கிளம்பியபோது சங்கரபாண்டியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மாலை அவன் கழுத்தில் அப்படியே இருந்தது. 

“வெளிய சொல்லாதீகன்னு சொன்னேன்லண்ணே,” என்றான்.

“வாயில வந்துருச்சு.”

“அத்தன சனமும் கேட்டுச்சு. காரியாபட்டிக்காரன் மொத ஆளாப் புரிஞ்சுக்கிட்டான், போறப்ப என்னப் பாத்துச் சிரிச்சான். இனிமே எவன் காலைப் புடிச்சாலும் படுப்பான். படுத்தா ஒரு பாயிண்ட், அவ்வளவுதான்; என் பக்கம் வர எவனுக்கும் பயம் இருக்காது. அதுக்கு எதுக்கு எனக்கு அம்புட்டுக் காசுன்னு தையில கேப்பாக.” மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்தான். “இந்தக் காச நம்பித்தான் வீட்டுக்குக் கடக்கால் போட்டு வச்சிருக்கேன். கொறைச்சுக்கிடுதேன்னு நானாச் சொல்லிட்டா வச்சுக்கிடுவாகளாண்ணே?”

குரல் தணிந்திருந்தது. ஜெயபாண்டி திரும்பி முதல் தடவையாக அவன் கைகளைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தான்.

“கொறைக்காத,” என்றான். “எவன் கேட்டாலும் கொறைக்காத.”